அப்பா முகம் போட்ட வீல் கப்

வள்ளிக்கண்ணு வாசலுக்கு வந்து பார்த்தபோது அவளுடைய அப்பா தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

முன்சக்கரத்தில் தலைகீழ், பின்சக்கரத்தில் ஒருக்களித்துப் படுக்கை. இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னையன், ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில், பட்டப்பகலில், மகனுடைய காரின் சக்கரங்களில் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு ஒரு அப்பா. பளபளக்கும் வட்டத் தட்டில் ஓரம்வரை நிறைந்த முகம். தெருவில் போனவர்கள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரை நேராகப் பார்க்க முயன்றார்கள்.

காரிலிருந்து இறங்கிய தம்பி முருகானந்தம் கூலிங் கிளாஸைக் கழற்றாமல் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். ஐம்பதைத் தாண்டியவன். மண்ணச்சநல்லூரில் அப்பா வைத்துவிட்டுப் போன ரைஸ் மில்லுக்கு முதலாளி. மில்லைக் கவனிக்க மேனேஜர் இருந்தார். மேனேஜரைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை.

"எப்படிக்கா இருக்கு? வீல் கப். கோயம்புத்தூர்ல சொல்லி செஞ்சது. இந்த மாதிரி அப்பா முகத்தை வீல் கப்ல யாருமே போட்டதில்லை."

"போட மாட்டாங்க," என்றாள் வள்ளிக்கண்ணு. "மத்தவங்களுக்கு அறிவு இருக்கு."

கார் அப்பாவுடையதுதான். மில் தொடங்கிய காலத்தில் யாரிடமோ வாங்கிய பழைய அம்பாசடர். அவர் இருந்தவரைக்கும் அது மில்லின் பின்பக்கக் கொட்டகையில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில், கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. அதைத் துடைத்துப் பார்க்க ஒரு நாதி இல்லை. அப்பா கண்ணை மூடியதும் முருகானந்தத்துக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காரைப் பிரித்துப் போட்டான். தரையோடு தரையாக இறக்கினான். குண்டு டயர் மாட்டினான். மயில் கழுத்து நீலத்தில் பெயின்ட் அடித்து, சீட்டுக்கெல்லாம் பால் நிறத்தில் தோல் தைத்தான். கிளாசிக் கஸ்டம் கார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். யாராவது ஏன் என்று கேட்டால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா ஞாபகமா" என்பான்.

அப்பா ஞாபகம். அந்த வார்த்தையைக் கேட்டாலே வள்ளிக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கவாதம் வந்து விழுந்தவரை, மில் தூசி ஆகாது என்று சொல்லி இவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவன் இதே தம்பிதான். அதன்பிறகு கடைசி மூச்சுவரை அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, பீத்துணி அலசியதெல்லாம் அவளும் அவள் கணவர் அழகர்சாமியும். தம்பி ஆப்பிளோடு வருவான். ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பான். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மனசு தாங்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மனசு தாங்காதவர்களுக்கு இந்த உலகத்தில் எல்லாச் சௌகரியமும் உண்டு. தாங்குகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

சின்னையன் தன் தோற்றத்தில் மகா கறாரானவர். சட்டை மடிப்புக் கலைந்தால் தெருவில் கால் வைக்க மாட்டார். நாலு பேர் பார்க்கும்போது ஒருநாளும் ஒரு டீக்கடை பெஞ்சில்கூடச் சாய்ந்து உட்கார்ந்தவர் இல்லை. படுக்கையில் கிடந்த காலத்திலும் காலையில் மீசையைச் சீவிவிடாவிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வள்ளிக்கண்ணு ஒருநாள் விடாமல் சீவிவிட்ட அந்த மீசை, இப்போது கண்ணுக்கு மேலே இருந்தது.

"அப்பா ஏண்டா தலைகீழா நிக்கிறாரு?"

முருகானந்தம் கூலிங் கிளாஸைக் கழற்றினான். குனிந்து பார்த்தான். அவன் அதுவரை அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஓடுறப்ப தெரியாதுக்கா."

"நிக்கிறப்ப தெரியுதுல்ல. நின்னாத்தானே நாலு பேர் பாப்பாங்க."

அவன் காரில் ஏறி ஓரடி முன்னே நகர்த்தினான். முன்சக்கரத்து அப்பா நிமிர்ந்தார். பின்சக்கரத்து அப்பா குப்புற விழப்போகிறவர் போல் சாய்ந்தார். ஓரடி பின்னே நகர்த்தினான். பின்னவர் தேறினார், முன்னவர் கவிழ்ந்தார். அழகர்சாமி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சக்கரம் என்றால் சும்மா இருக்க மாட்டார். அவரும் தெருவில் இறங்கி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கையைக் காட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு தெருநாய் பின்சக்கரத்தருகே வந்து முகர்ந்து, காலைத் தூக்க யோசித்தது.

"இது உதவாது மாப்ளே," என்றார் அழகர்சாமி நாயை விரட்டிவிட்டு. "நாலையும் ஒரே மாதிரி மாட்டினாலும், ஒரு வளைவு திரும்பினா வெளிச்சக்கரம் கூட ஓடும், உள்சக்கரம் கம்மியா ஓடும். திரும்ப சக்கரத்துக்கு ஒரு பக்கம் பாப்பார்."

முருகானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அப்பாவின் வருஷத் திதி. அம்மா மண்டபத்தில் திதி கொடுத்த கையோடு, இந்தக் காரில் காவிரிப் பாலம் தாண்டி, அப்பா முதன்முதலில் அரிசிக்கடை வைத்திருந்த காந்தி மார்க்கெட்வரைக்கும் போவதாக அவன் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அப்பாவை ஊர்வலமாக அழைத்துப் போகிறானாம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் படம்கூட அனுப்பிவிட்டான்.

"கழட்டிப் போட்டுட்டு வா," என்றாள் வள்ளிக்கண்ணு.

"அது மட்டும் முடியாதுக்கா. அப்பாவைக் கழட்டச் சொல்லாதே."

அவன் கண் கலங்கியது. அவனுக்குக் கண் கலங்குவது தும்மல் வருவதுபோலத்தான், தடுக்கவும் முடியாது, அதனால் யாருக்கும் பிரயோசனமும் இல்லை. வள்ளிக்கண்ணு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவன் கழற்ற மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு கேட்டுக்க. அன்னிக்கு ஊர்ஜனம் பூரா அம்மா மண்டபத்துல நிக்கும். அப்பா நேரா இருக்கணும். நடுத்தெருவுல கழண்டு விழக்கூடாது. அவர் இருக்கறப்ப ஒருத்தர் முன்னாடியும் விழுந்ததில்லை. செத்தப்புறம் நீ விழ வச்சிராதே."

"விழாதுக்கா. நான் பொறுப்பு."

அவன் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

*

மெக்கானிக் அனீஸுக்குப் பாலக்கரையில் ஒர்க்‌ஷாப். பழைய கார்களை இழைத்து அலங்கரிப்பதில் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் வசதியான வாடிக்கையாளர் முன்னால் அவருக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருப்பதாகத் தெரியாது. எது கேட்டாலும், "செஞ்சிரலாம்ணே" என்பார். காருக்குக் கொம்பு வைக்கச் சொன்னாலும் மாட்டுக்கொம்பா மான்கொம்பா என்றுதான் கேட்பார்.

அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று முருகானந்தம் போனில் ஒரே பிடிவாதம். வள்ளிக்கண்ணு பஸ் ஏறிப் போனாள். கார் ஜாக்கியில் தூக்கி நின்றது. அனீஸ் அவளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. இப்ப பாருங்க."

சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டார். டயர் சுற்றியது. வீல் கப்பின் வெளிவளையம் சுற்றியது. நடுவில் அப்பா சுற்றவில்லை. ஆடாமல் அசையாமல், மீசை மீசை இருக்கும் இடத்தில், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளிக்கண்ணு தன்னை மறந்து ஒரு நொடி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தம்பிக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"முகத்தை வெட்டித் தனித் தட்டா எடுத்துட்டோம்க்கா," என்றார் அனீஸ். "பின்னாடி ஒரு சின்ன பேரிங். தாடைக்குப் பின்னாடி ஈயக் கட்டி ஒட்டியிருக்கு. கனம் கீழ இருக்கறதால சக்கரம் எப்படிச் சுத்தினாலும் ஐயா நேராத்தான் இருப்பாங்க."

"நிக்கறப்பவும் நேரா, ஓடறப்பவும் நேரா," என்றான் முருகானந்தம். "நீ கேட்டே, செஞ்சுட்டேன்."

செய்தது அனீஸ். இவன் செய்ததெல்லாம் பக்கத்தில் நின்று டீ குடித்தது. வள்ளிக்கண்ணு எழுந்துபோய் அப்பாவின் நெற்றியில் விரலை வைத்து அழுத்தினாள். தட்டு உள்ளே போய் வெளியே வந்தது. கன்னத்தில் அழுத்தினாள். லொடக்கென்றது.

"வெளிவளையம் கிளிப்ல கெட்டியா நிக்கிது. இந்த முகம் எதுல நிக்கிது?"

அனீஸ் முருகானந்தத்தைப் பார்த்தார். முருகானந்தம் கூரையைப் பார்த்தான்.

"கம்மு போட்டு ஒட்டியிருக்குக்கா. பேரிங்குல ஒரு பின் இருக்கு, அதுல தட்டை வச்சு ஒட்டியிருக்கு."

"கம்மா? ஓடற காருலயா?"

"நல்ல கம்முதான்க்கா. ஆனா..." அனீஸ் தலையைச் சொறிந்தார். "முறையாச் செய்யணும்னா முன்பக்கத்துலேர்ந்து ஒரு போல்ட்டு விட்டு, பேரிங் வழியா கொண்டுபோய் பின்னாடி லாக் நட்டு போடணும். அப்புறம் எந்தப் பள்ளத்துல இறங்கினாலும் வராது. போல்ட்டு நட்டநடுவுல வரணும். இங்க நடுவுல மூக்கு வருது."

"அப்பா மூக்குல போல்ட்டு போடணும்கிறாருக்கா," என்றான் முருகானந்தம். "பெத்த அப்பன் மூக்குல டிரில்லு போட்டு ஓட்டை போட எனக்கு மனசு வருமா?"

"தகடுடா அது."

"உனக்குத் தகடு. எனக்கு அப்பா."

வள்ளிக்கண்ணு அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்பாவாம். அந்த அப்பாவைச் சாலைக்கு ஒரு சாண் உயரத்தில், சாணியும் சேறும் தெறிக்கும் இடத்தில் மாட்டத் தெரிந்திருக்கிறது. நாய் காலைத் தூக்கும் உயரத்தில் வைக்கத் தெரிந்திருக்கிறது. வட்ட ரம்பத்தால் கழுத்தோடு வெட்டி எடுக்கத் தெரிந்திருக்கிறது. அவர் கழன்று விழாமலிருக்க ஒரு போல்ட்டு போடத்தான் மனசு வரவில்லை.

அனீஸுக்கு இருவரையும் சமாதானப்படுத்தியாக வேண்டும். "ஒண்ணு செய்யலாம்ணே. போல்ட்டுத் தலையைச் சின்னதாக்கி, தங்கக் கலர்ல முலாம் போட்டுட்டா, பாக்கறவங்களுக்கு ஒரு மூக்குத்தி மாதிரி அழகா..."

"எங்க அப்பாவுக்கு மூக்குத்தியா?"

முருகானந்தம் கேட்ட கேட்பில் அனீஸ் இரண்டடி பின்னால் போனார். "அதுவும் சரிதாண்ணே. கம்மே போதும்ணே. இன்னும் ஒரு சுத்து வச்சிரலாம்ணே" என்றார். முறையான வேலை எது என்று தெரிந்த வாயாலேயே அதை விழுங்கவும் தெரிந்திருக்கிறது. வள்ளிக்கண்ணு அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அன்று சாயங்காலம் முழுக்க அழகர்சாமியிடம் எரிந்து விழுந்தாள். அவர் என்ன செய்வார் பாவம், தம்பி இல்லாத நேரத்தில் கைக்குக் கிடைப்பவர் அவர்தான்.

*

திதி அன்று அம்மா மண்டபத்தில் எள் போட இடமில்லை. படித்துறையில் வரிசையாகக் குடும்பங்கள், வாழை இலைகள், எள்ளும் தண்ணீரும், ஈர வேட்டிகள். முருகானந்தம் சட்டையைக் கழற்றி உட்கார்ந்து, ஐயர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னான். நடுநடுவே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். கார் அங்கே நின்றது. யாராவது கீறிவிடுவார்களோ என்று கவலை.

முடிந்து வெளியே வந்தால் காரைச் சுற்றிக் கூட்டம். ஆளுக்கு ஒரு போன். அப்பாவோடு ஒருவர் குந்தி உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். முருகானந்தத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. டிக்கியைத் திறந்து ஒரு பூக்கூடையை வெளியே எடுத்தான். முதலில் நான்கு நெற்றியிலும் சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான். பிறகு கூடையிலிருந்து மாலைகளை எடுத்தான். சாமந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்று. அப்பா முகத்தைச் சுற்றி வளையத்தில் அதைச் செருகினான்.

"சக்கரத்துல மாலையாடா?" என்றாள் வள்ளிக்கண்ணு. "ஓடற சக்கரம்டா."

"வருஷத் திதி அன்னிக்கு அப்பாவுக்கு மாலை போடாம மொட்டையா கூட்டிட்டுப் போகச் சொல்றியா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள். அவனுடைய பாசம் முழுக்கப் பார்க்கிறவர்களுக்காகத்தான் உயிர் வாழ்ந்தது. பார்க்க ஆளில்லாத அறையில் அது ஒருநாளும் கால் வைத்ததில்லை.

பின்சீட்டில் வள்ளிக்கண்ணுவும் அழகர்சாமியும் ஏறிக்கொண்டார்கள். அவளுக்கு அந்தக் காரில் ஏற இஷ்டமே இல்லை. ஆனால் அப்பா விழுந்தால் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவள் யோசிக்கவில்லை. முருகானந்தம் ஹாரனை அடித்தான். கார் அம்மா மண்டபம் ரோட்டில் மெல்ல ஊர்ந்தது.

கொஞ்ச தூரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். முருகானந்தம் அரசியல்வாதி போல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். பிறகு வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்த பக்கத்தில், பின்சக்கரத்திலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாலையின் நார் வளையத்துக்கும் முகத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்து சுற்றிக்கொண்டு வந்தது. சாமந்தி இதழ்கள் சிதறின. அப்பா ஒரு பக்கம் சாய்ந்தார். நிமிரப் பார்த்தார். மறுபடி சாய்ந்தார்.

"நிறுத்துடா," என்றாள்.

"இங்க நிறுத்த முடியாதுக்கா, பின்னாடி பஸ் வருது."

நார் இறுகிவிட்டது. அதற்கு மேல் அப்பாவால் நேராக நிற்க முடியவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து அவரும் சுற்ற ஆரம்பித்தார். குங்குமமும் மீசையும் ஒரே கோடாகத் தெரிந்தன. அடுத்து ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. பெருமைக்காகத் தரையோடு இறக்கிவைத்த கார் அல்லவா, அடிவயிறு உரசி ஒரு குதி குதித்தது. கம்மு விட்டது. முகம் மட்டும் தெறித்துச் சாலையில் விழுந்தது.

விழுந்து அங்கேயே கிடந்திருந்தாலாவது போகட்டும். உருண்டது. தாடைப் பக்கம் ஈயம் இருந்ததால் ஒழுங்காகவும் உருளவில்லை. நொண்டி நொண்டி, விந்தி விந்தி, பக்கவாதக்காரர் நடக்க முயல்வதுபோல் நடுரோட்டைக் குறுக்கே கடந்தது. டவுன் பஸ் கிரீச்சென்று பிரேக் அடித்தது. ஒரு ஸ்கூட்டர் ஒதுங்கியது. முகம் எதிர்ப்புறச் சாக்கடை ஓரத்தில், கரும்புச் சக்கைக் குவியலில் மோதி, குப்புற விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், வள்ளிக்கண்ணுவே ஒரு மாதமாக அதைத் தகடு தகடு என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவள்தானே. ஆனால் கார் முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடியவளும் அவள்தான். செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. புடவை தடுக்கியது. பஸ் டிரைவர் என்னவோ கத்தினார். "அப்பா, அப்பா" என்று தன் வாய் சொல்லிக்கொண்டு போவது அவள் காதிலேயே விழுந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சக்கைக்குள்ளிருந்து அதைப் புரட்டி எடுத்தாள். நெற்றியில் ஒரு நெளிசல். மீசையில் சேறு. முந்தானையால் துடைத்தாள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் பெஞ்சில்கூடச் சாயாத மனிதர். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபமாக எரிந்தது.

முருகானந்தம் ரோட்டுக்கு நடுவே நின்று, "வீடியோ எடுக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க" என்று ஒவ்வொரு போனாகக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் பக்கம் வந்தான். அவள் தட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. நெளிந்த நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீயே வச்சுக்கக்கா. என்னால பாக்க முடியலை."

"வண்டியைப் பாலக்கரைக்கு விடு," என்றாள் வள்ளிக்கண்ணு.

*

அனீஸ் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்சமிருந்த மூன்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். மூன்றும் லொடலொடத்தன.

"கம்மு கம்பெனி சரியில்லைண்ணே," என்றார். "இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு வந்திருக்கு. கண்ணாடிக்கெல்லாம் அதைத்தான் போடறாங்க. நாலுக்கும் அதையே வச்சிருவோம்."

"அதையே வைங்க அனீஸ்," என்றான் முருகானந்தம். சொன்னவன் அக்காவைப் பார்க்கவில்லை.

நடுரோட்டில் இப்போதுதான் பெற்றவர் உருண்டு சாக்கடை ஓரத்தில் விழுந்திருக்கிறார். அதற்குள் அடுத்த டப்பா கம்மு. வள்ளிக்கண்ணு ஸ்டூலில் உட்காரவில்லை.

"டிரில்லை எடுங்க," என்றாள்.

"அக்கா..."

"அனீஸ் அன்னிக்குச் சொன்னபடி போல்ட்டு போடணும். நாலுக்கும். பின்னாடி நட்டும் போடணும்."

"அதான் வேண்டாம்னு சொன்னேன்லக்கா. அப்பா மூக்குலக்கா. முகத்துக்கு நடுவுல. நான் எப்படி தினமும் அதைப் பாப்பேன்?"

"நீ கழட்டிப்போடு, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அதுவும் முடியாது."

"அப்ப போல்ட்டு போடு. இன்னொரு தடவை அவர் ரோட்டுல விழக் கூடாது."

"நீ கல்நெஞ்சக்காரிக்கா," என்றான் முருகானந்தம். இப்போது நிஜமாகவே அழுதான். "எனக்கு அப்பாவுக்கு ஒரு சின்ன வலின்னாலும் தாங்காது. உனக்கு எப்படித்தான் மனசு வருதோ."

அனீஸ் ஸ்பேனர்களை அடுக்குவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வள்ளிக்கண்ணு கத்தவில்லை. இத்தனை நாள் கத்தியதெல்லாம் வீண் என்று தோன்றியது.

"அப்பாவால கடைசில முழுங்க முடியலை, தெரியுமாடா உனக்கு? மூக்கு வழியா ட்யூப் விட்டிருந்தாங்க. எட்டு மாசம். கஞ்சி, மாத்திரைத் தண்ணி எல்லாம் அதுலதான். மாசத்துக்கு ரெண்டு தடவை பழைய ட்யூபை உருவிட்டுப் புதுசு விடணும். நர்ஸ் வருவாங்க. அப்பா தலையை ஆட்டி ஆட்டித் திமிறுவார். ரத்தம் வரும். ஆடாம ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

முருகானந்தம் அழுகையை நிறுத்தியிருந்தான்.

"ட்யூப் விட்டிருக்குன்னு நீ போன்ல சொன்னேக்கா... நான் அது... கையிலன்னு நினைச்சேன்."

எட்டு மாதம். அறை வாசலில் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவன், அப்பாவின் முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. துடைத்துக்கொண்ட கண்ணில் ஒன்றும் தெரிந்திருக்காதுதான். வீல் கப் செய்யக் கோயம்புத்தூருக்கு அவன் அனுப்பியது தன் கல்யாண ஆல்பத்துப் படம். அவனுக்குத் தெரிந்த அப்பா அவ்வளவுதான். வள்ளிக்கண்ணுவுக்கு அந்த நிமிஷத்தில் அவன்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்துபோயிற்று. அவள் கோபத்துக்குக்கூட அவன் தகுதி இல்லாதவனாக இருந்தான்.

"எடுங்க அனீஸ்," என்றாள்.

அனீஸ் இந்த முறை முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. டிரில்லில் முனை மாட்டினார். தட்டை மேசையில் மல்லாக்க வைத்தார். வழுவழுப்பான தகடு, விரல் பட்டாலே நகர்ந்தது.

"யாராவது ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சுக்கணும். ஆடினா கோணலா இறங்கிரும். அண்ணே, நீங்க கொஞ்சம்..."

முருகானந்தம் மேசைவரை வந்தான். கையை நீட்டினான். டிரில் ஒருமுறை உறுமிப் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"நான் வெளியில இருக்கேன்க்கா," என்றான். "முடிஞ்சதும் கூப்பிடு."

போய்விட்டான். எதிர்ச்சாரி டீக்கடையில் அவன் முதுகைக் காட்டி நிற்பது தெரிந்தது.

வள்ளிக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குனிந்து, இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையைப் பதித்து, கட்டைவிரல் இரண்டையும் தாடைக்குக் கீழே கொடுத்து, மெல்ல அழுத்தினாள். தட்டு அசையாமல் நின்றது. பிடி எங்கே என்று கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணுமில்லைப்பா," என்றாள். பிறகு நிமிராமலே அனீஸிடம், "ம், போடுங்க," என்றாள்.